பன்னிரண்டு ஏ, மாடி

உத்தமபாளையம்
20.6.2024

என் யுவாவுக்கு,

உன் அட்ரஸை உங்க அம்மாகிட்டதான் வாங்கினேன். ஹாஸ்டல்ல போன் குடுக்க மாட்டாக, லெட்டர் மட்டும் போடலாம்னு சொன்னாக. இன்லேண்ட் கவர் கேட்டதுக்குப் போஸ்ட் ஆபீஸ் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுச் சிரிச்சாக. சிரிச்சா சிரிக்கட்டும்.

முதல்ல சண்டை போட்டுக்கிறேன். நீ டி.சி. வாங்கினதை அடுத்தவுக சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? ஆறாவதுல இருந்து ஒரே பெஞ்சு. நாமக்கல் பக்கம் போறேன் ஷர்மின், டாக்டருக்குப் படிக்க வைக்கிறாக எங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா? உங்க அம்மா அழுதுக்கிட்டே சொன்னாக. நான் அழல. கோபம்தான் வந்துச்சு.

சரி, இப்ப கிளாஸ் கதை. நாம பன்னெண்டு ஏ ஆயிட்டோம். மாடியில கடைசி ரூம்பு. ஜன்னலைத் திறந்தா ரோடும் அதைத் தாண்டி வாய்க்காலும் தெரியுது. முதல் போகத்துக்குத் தண்ணி விட்டுட்டாக, நாத்தங்கால் வாசனை மேல வரைக்கும் வருது. சண்முகராஜ் சார்தான் கிளாஸ் டீச்சர், ஜுவாலஜியும் அவரே. அபிதா மறுபடியும் லீடர். பேசுறவுக பேரை எழுதுறேன்னு பலகையை மறைச்சுக்கிட்டு நிக்கிறா. முனீஸ்வரி கோ-கோ டீம் கேப்டன் ஆயிட்டா. படிக்கச் சொன்னா தூங்குறா, ஓடச் சொன்னா பறக்குறா. சுரேஷ்கண்ணன் இந்த வருஷம் ஹெட்மாஸ்டர் குரலையும் பழகிட்டான். நேத்து வராண்டாவுல நின்னு "ஏலே, யார்றா அங்கன?"ன்னு அவர் மாதிரியே கத்த, பத்தாவது பிள்ளைக எல்லாம் ஓடிருச்சுக.

எல்லாரும் இருக்கோம். நீதான் இல்ல.

உன்
ஷர்மின்


நாமக்கல்
2.7.2024

ஷர்மின் கண்ணு,

உன் லெட்டரைப் பாத்ரூம்ல வச்சுப் படிச்சேன். அங்கனதான் கதவைச் சாத்திக்கிட்டு அழ முடியும்.

நான் சொல்லாமப் போனதுக்கு என்னைத் திட்டு, நல்லாத் திட்டு. எங்கப்பா சொன்ன அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தோணல. "திராட்சைத் தோட்டத்துல மருந்தடிச்சு மருந்தடிச்சு என் நெஞ்சு போச்சு ஆத்தா, நீயாவது வெள்ளைக் கோட்டு போடு"ன்னாரு. இருமிக்கிட்டே சொல்ற மனுசன்கிட்ட என்னத்தைச் சொல்ல?

இங்கன எல்லாமே பெல்லுதான். எந்திரிக்க ஒரு பெல், திங்க ஒரு பெல், டெஸ்டுக்கு ஒரு பெல். பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளை பேரு கூட எனக்குத் தெரியல. பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாக, நம்பர்தான்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. தினமும் பிரேயர்ல கண்ணை மூடினதும் நான் நம்ம ஸ்கூலுக்கு வந்துருவேன். கேட்டுல ஒச்சாண்டி வாட்ச்மேன் அண்ணன், அந்த வேப்பமரம், தண்ணித் தொட்டி, மாடிப்படி. நீ எழுதினதை வச்சுக் கடைசி ரூம்பு வரைக்கும் நடந்து வந்துட்டேன். உன் பக்கத்துல உக்காந்துக்கிறேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க முடியுது. அங்கன இருந்து எந்திரிச்சு வரத்தான் மனசே இல்ல.

எல்லாரைப் பத்தியும் எழுது. யாரு யார்கூடச் சண்டை, யாரு புதுசா வளையல் போட்டா, எல்லாம்.

உன்
யுவா


உத்தமபாளையம்
12.8.2024

யுவா,

ஒரு வேடிக்கை நடந்துச்சு. வேடிக்கைன்னுதான் நினைக்கிறேன்.

சண்முகராஜ் சார் போன வருஷ ஞாபகத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கையில "யுவராணி"ன்னு கூப்பிட்டுட்டாரு. கூப்பிட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. ஆனா அதுக்குள்ள "உள்ளேன் ஐயா"ன்னு சத்தம் வந்துருச்சு. உன் குரல். இழுத்து, கடைசியில லேசாத் தூக்கிச் சொல்லுவியே, அதே மாதிரி. கிளாஸே சிரிச்சுச்சு. சாரும் சிரிச்சுட்டு, "சுரேஷ்கண்ணா, பொம்பளைப் பிள்ளை குரலும் வந்துருச்சா உனக்கு?"ன்னாரு. அவன் எந்திரிச்சு, "சார், சத்தியமா நான் இல்ல சார்"னான். அவன் முகத்துல சிரிப்பே இல்ல.

அடுத்த வாரம் முனீஸ்வரி கிரவுண்டுல இருந்து மூச்சு வாங்க ஓடி வந்தா. "யுவா லீவுக்கு வந்திருக்காளாடி? என் பின்னாடியே ஓடி வந்தா. சடை முதுகுல அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பலை, திரும்பினா அவ முந்திருவாள்ல"ன்னா. நீ வரலைன்னு சொன்னேன். அவ கிரவுண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துட்டு, "அப்ப யாரு?"ன்னு கேட்டா.

இன்னைக்குக் காலையில பலகையில சூல் படம் வரைஞ்சிருந்துச்சு. பாகம் குறிச்சு, ஓரத்துல நிழல் போட்டு, அவ்வளவு அழகு. பாட்டனி சார் வந்து, "யாரு வரைஞ்சது?"ன்னாரு. நாங்க எல்லாரும் ஒரே குரல்ல "யுவராணி சார்"னோம். சொன்ன பிறகுதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சாரும் ஒண்ணும் கேட்கல. அழிக்காம ஓரமா எழுதிப் பாடம் நடத்துனாரு.

எனக்குப் பயமா இல்ல. ஏன்னுதான் தெரியல.

ஷர்மின்


நாமக்கல்
8.9.2024

அன்புள்ள ஷர்மின்,

உன் கடிதம் வந்தது. வார்டன் மேடம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "உன் சிநேகிதி நல்லாக் கதை எழுதுறா"ன்னு சிரிச்சாங்க. நானும் அப்படித்தான் எடுத்துக்கணும்னு பார்த்தேன்.

ஆனா ஒண்ணு. இங்க நேத்து பாட்டனி டெஸ்ட். அதே சூல் படம் கேட்டிருந்தார்கள். பென்சிலை வச்சேன், கை வரலை. கோடு போட்டா கோணலாப் போகுது. பாகம் எல்லாம் எழுதிட்டேன், படம் மட்டும் முட்டைக்கோஸ் மாதிரி இருந்துச்சு. எப்பவும் படத்துக்கு என்கிட்டதானே எல்லாரும் வருவீங்க?

இன்னொன்று. பிரேயரில் கண்ணை மூடினால் இப்போது ஒன்றும் தெரிவதில்லை. இருட்டுதான். ஸ்கூலும் இல்ல, படியும் இல்ல. அழுகையும் நின்னுபோச்சு. போன மாசம் வரைக்கும் தலையணை நனையும். இப்ப படுத்தா தூங்கிடுறேன். எழுந்தா படிக்கிறேன். மார்க் நன்றாக வருகிறது, அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம். உடம்பில் இருந்து ஏதோ ஒரு கனம் இறங்கிப் போன மாதிரி லேசாக இருக்கிறது.

நல்லதுதானே? நல்லதுதான்னு நினைக்கிறேன். முனீஸ்வரி எப்படிச் சிரிப்பாள்? யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. எழுது.

யுவராணி


உத்தமபாளையம்
21.11.2024

யுவா,

எப்படி எழுதுறதுன்னு ஒரு மாசமா யோசிச்சு, கடைசியில நடந்ததை நடந்தபடி எழுதிர்றேன்.

ஐப்பசி மழை இந்த வருஷம் விடவே இல்ல. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போச்சு. மழைச் சத்தத்துல சார் பேசுறது கேட்கலை. "நீங்களே படிங்க"ன்னுட்டு நாற்காலியில உக்காந்துட்டாரு. ரூம்பு மங்கலா இருந்துச்சு. எனக்கு எப்பவும் உன் சட்டையில வருமே, தோட்டத்து மருந்து வாசனை, அது வந்துச்சு. திரும்பிப் பார்த்தேன்.

நீ இருந்தே.

யூனிபார்ம், ரெட்டைச் சடை, கன்னத்துல கை. ஜன்னல் வழியா மழையைப் பார்த்துக்கிட்டு இருந்தே. நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு, "பேனா எழுத மாட்டேங்குது, ஒண்ணு குடு"ன்னே. குடுத்தேன். வாங்கி எழுதுனே. அவ்வளவுதான்.

அன்னையில இருந்து தினமும் வர்றா. அவளை நீன்னு எழுதுறதா, அவன்னு எழுதுறதான்னு தெரியல. காலையில பெல் அடிச்சு நாங்க மேல ஏறிப் போனா பெஞ்சுல இருக்கா. சாயங்காலம் நாங்க இறங்குறப்ப புக்கை எடுத்து வச்சுக்கிட்டு இருப்பா, கூட வர மாட்டா. சுரேஷ்கண்ணன் அவளுக்கு நேரா நின்னு அவ குரல்லயே பேசிக் காட்டுவான், அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. அபிதா அவ பேரைப் பேசுறவுக லிஸ்டுல எழுதுறா. முனீஸ்வரி சாப்பாட்டுல பாதியை அவளுக்குத் தள்ளுறா. சாப்பிடுறாளான்னு நான் பார்க்கலை, டப்பா காலியாகுது.

சண்முகராஜ் சார் மட்டும் அவ பக்கம் பார்க்கிறது இல்ல. ஆனா அட்டெண்டன்ஸ்ல பேரைக் கூப்பிடுறாரு. அன்னைக்கு ஒரு நாள் கூப்பிடாம விட்டுட்டாரு. கிளாஸ் முழுக்க அமைதியாயிருச்சு, யுவா. ஒருத்தரும் அசையல. சார் வேர்த்துப் போய் மறுபடி நோட்டைத் திறந்து, "யுவராணி"ன்னாரு. "உள்ளேன் ஐயா". அப்புறம்தான் எல்லாரும் மூச்சு விட்டோம்.

இதை நாங்க வெளிய சொல்லல. யாரும் சொல்லக் கூடாதுன்னு பேசிக்கவும் இல்ல.

ஷர்மின்


நாமக்கல்
10.12.2024

அன்புள்ள ஷர்மின்,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன்.

நான் இங்கே இருக்கிறேன். என் பெயர் யுவராணி, என் அப்பா ஈஸ்வரபாண்டி, ஊர் அனுமந்தன்பட்டி. தினமும் படுக்கும்போது இதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான் இல்லை. உனக்கு அது தெரிகிறதா, இல்லையா?

நீ பயப்படவில்லை என்று எழுதுகிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைச் சேர்ந்த ஏதோ ஒன்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்று தோன்றுகிறது. இங்கே மிச்சம் இருப்பது படிக்கிறது, எழுதுகிறது, முதல் ரேங்க் வாங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வார்டன் மேடத்தின் போனில் அம்மா அழுதார்கள். "உன் குரல் யாரோ மாதிரி இருக்கு ஆத்தா"ன்னாங்க. போனை வைத்துவிட்டேன். அம்மா அழுதால் எனக்கும் அழுகை வர வேண்டும் அல்லவா? வரவில்லை.

ஒன்று செய். நான் ஏன் உன்னிடம் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனேன் என்று அவளிடம் கேள். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால், அவள் யாராக இருந்தாலும் நான் இல்லை என்று நீ புரிந்துகொள்வாய். எல்லோரும் சேர்ந்து அவளைப் போகச் சொல்லுங்கள்.

யுவராணி


உத்தமபாளையம்
6.1.2025

யுவா,

கேட்டேன்.

அவ பெஞ்சுல பேனாவால கோடு போட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா: "பெருநாளைக்கு மறுநாள் உன்கிட்ட சொல்லணும்னுதான் உங்க வீட்டுக்கு வந்தேன். உங்க அத்தா கடையில இருந்தாக, உள்ள போம்மான்னாக. ஜன்னல் வழியா பார்த்தேன். உன் மதினி கையில நீ மருதாணி வச்சு விட்டுக்கிட்டு, ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சுக்கிட்டு இருந்தீக. நான் இல்லாம உனக்கு ஒரு குறையும் இருக்காதுன்னு அப்பத் தோணுச்சு. ரொம்பப் பொறாமையா இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

சொல்லிட்டு அழுதா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். கை சில்லுன்னு இருந்துச்சு, குளிச்சுட்டு வந்த கை மாதிரி.

இது நெசமா யுவா? நெசம்னா இத்தனை லெட்டர்ல இதை ஏன் நீ எழுதல? அப்பா இருமுனாருன்னுதான் எழுதுனே. அவகிட்ட ஒரு தடவைதான் கேட்டேன், சொல்லிட்டா.

போகச் சொல்லுன்னு எழுதியிருக்கே. கிளாஸ்ல சொன்னேன். அபிதா ரூல் பேசுறவ, அவதான் முதல்ல வாயைத் திறந்தா. "இன்னும் ரெண்டு மாசத்துல நாம எல்லாரும் ஆளுக்கொரு திக்காப் போகப் போறோம். போன பிறகும் நம்மளைத் தேடி வந்தவ இவ ஒருத்திதான். நான் சொல்ல மாட்டேன்"னா. முனீஸ்வரி எந்திரிச்சுப் போய் அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

ஷர்மின்


அனுமந்தன்பட்டி
28.2.2025

ஷர்மின்,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட அப்பா லீவு கேட்டுக் கூட்டி வந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் உத்தமபாளையத்தில் பஸ் நின்றதும், ஸ்கூலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். அப்பா டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

கேட்டில் ஒச்சாண்டி அண்ணன் என்னை மறித்தார். நான் ஹாஸ்டல் யூனிபார்மில் இருந்தேன். "எந்த ஸ்கூல் பிள்ளை நீயி? இங்கன என்ன சோலி?" என்றார். "அண்ணே, யுவராணிண்ணே"ன்னேன். அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "யுவராணி உள்ள போட்டோ எடுக்க நிக்குதே. காலையிலேயே வந்துருச்சே"ன்னார். அவர் விளையாடவில்லை. அவர் குரலில் கோபம் இருந்தது.

கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். சார்கள் எல்லோரும் நாற்காலியில் இருந்தார்கள். சுரேஷ்கண்ணன் தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டிருந்தான். நீ இரண்டாவது வரிசை. உன் தோளில் கை போட்டு அவள்.

நான் அவளைப் பற்றிப் படித்திருந்தேன், பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவள் சிரித்த சிரிப்பு என் முகத்துக்கு வரும் என்றே எனக்குத் தெரியாது.

நான் "ஷர்மின்" என்று கூப்பிட்டேன். நீ திரும்பினாய். என்னைப் பார்த்தாய். நிச்சயமாகப் பார்த்தாய், உன் முகம் மாறியதை நான் கண்டேன். பிறகு கேமராக்காரர் ஏதோ சொன்னார். நீ கேமரா பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அப்பா வந்து, "பார்த்துட்டியா ஆத்தா? கூட்டாளிகளெல்லாம் பேசுச்சுகளா?" என்று கேட்டார். பேசினார்கள் என்றேன்.

பார்த்தாயா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது.

யுவராணி


உத்தமபாளையம்
7.3.2025

யுவா,

பார்த்தேன்.

பரீட்சை நடக்குது, நிறைய எழுத நேரமில்ல. பொய் சொல்ல நினைச்சா சொல்லியிருக்கலாம், கேட்டுப் பக்கம் வெயில் அடிச்சுச்சு, யாருன்னு தெரியலன்னு. தெரிஞ்சுச்சு. நீதான்னு தெரிஞ்சுச்சு. நீ கூப்பிட்டப்ப அவ கை என் தோள்ல இறுகுச்சு. "யாரு கூப்பிடுறா?"ன்னு கேட்டா. நான் "யாரும் இல்ல"ன்னேன்.

உன்னைக் கூட்டிட்டு வந்து அவ முன்னால நிறுத்தினா அவ என்ன ஆவான்னு எனக்குத் தெரியாது. ஒருத்திதான் மிஞ்சணும்னா அது நீயாத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும். அதான் திரும்பிக்கிட்டேன். நீ டாக்டர் ஆகப் போறே. பெரிய ஊருக்குப் போவே. உனக்கு எல்லாம் கிடைக்கும். அவளுக்கு நாங்க மட்டும்தான்.

போட்டோ வந்துருச்சு. அவ நல்லா விழுந்திருக்கா. எங்க அம்மா பார்த்துட்டு, "யுவராணி பிள்ளை முகம் எம்புட்டுத் தெளிவா இருக்கு பாரு"ன்னாக.

அவ இருக்கிற வரைக்கும் நீ இங்கன வர வேண்டாம். கோவிச்சுக்காத.

ஷர்மின்


ஆலுவா
19.5.2025

யுவா,

நீ பதில் போட மாட்டேன்னு தெரிஞ்சும் எழுதுறேன். உன் போன் நம்பர் உங்க அம்மா குடுத்தாக. போன்ல இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நாங்க ஊரை விட்டுக் கேரளாவுக்கு வந்துட்டோம். அத்தா இங்க ஆலுவாவுல மாமா கூடச் சேர்ந்து கடை வச்சிருக்காக. நானும் இங்கயே காலேஜ். முனீஸ்வரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கோயம்புத்தூர் போறா. அபிதா நர்சிங். சுரேஷ்கண்ணன் அவுக அண்ணன் கூடக் குமுளிக்கு லோடு வண்டியில போறான், காலேஜுக்கு அப்ளிகேஷனே போடல.

பரீட்சை நாள்ல அவ ஹாலுக்கு வரல. அவளுக்கு ஹால் டிக்கெட் இல்லல்ல. நாங்க கீழ எழுதுறப்ப மேல கிளாஸ்லயே உக்காந்திருப்பா. கடைசிப் பரீட்சை முடிஞ்சு எல்லாரும் மேல ஓடினோம். சட்டையில ஒருத்தருக்கொருத்தர் பேரு எழுதி, கலர்ப் பொடி பூசி, அழுது, ஒரே கூத்து. அவ சட்டையிலயும் எழுதினோம். அவளும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தா. கிளம்புறப்ப நான் அவகிட்ட, "வர்றேன்டி"ன்னேன். அவ ரொம்பச் சாதாரணமா, "நாளைக்கு ஜுவாலஜி டெஸ்ட் இருக்கு, மறந்துராத"ன்னா.

யாரும் அவகிட்ட சொல்லல, யுவா. ஸ்கூல் முடிஞ்சுருச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. ஒருத்தர் சொல்லுவாகன்னு ஒருத்தர் இருந்துட்டோம்.

ரிசல்ட் அன்னைக்கு மார்க் பார்க்கப் போனேன். ஒச்சாண்டி அண்ணன் என்னைப் பார்த்ததும், "உன் கூட்டாளி இன்னும் வீட்டுக்குப் போகலையே ஆத்தா, நானும் எத்தனை நாளாச் சொல்றேன்"னாரு. நான் மேல ஏறல. பஸ்ஸுல உக்காந்து பார்த்தேன். மாடி ஜன்னல்ல நின்னா. சட்டையில நாங்க எழுதுன பேரெல்லாம் அப்படியே இருந்துச்சு. பஸ் கிளம்புற வரைக்கும் ஒவ்வொரு பஸ்ஸா பார்த்துக்கிட்டே இருந்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

எனக்கு இப்பத்தான் பயமா இருக்கு. இங்க ஆத்தங்கரையில நடந்தாக்கூட தோட்டத்து மருந்து வாசனை வருது. ஸ்கூல் திறந்து புதுப் பிள்ளைக வந்து அந்த ரூம்புல உக்காந்தா என்ன நடக்கும்? நீ போ. உன்னாலதான் முடியும். அவ உன்னோடவதானே? கூட்டிட்டுப் போயிரு. வர வேண்டாம்னு எழுதுனதுக்கு மன்னிச்சிரு. இந்த ஒரு உதவி செய்.

உன்
ஷர்மின்


அனுமந்தன்பட்டி
1.6.2025

ஷர்மின்,

நேற்றுப் போனேன். உனக்காகப் போகவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன், அம்மா என்னைப் பார்த்துப் பார்த்து எங்கோ எழுந்து போய்விடுகிறார்கள். கூட்டி வர வேண்டியது ஒன்று அங்கே இருந்தால் கூட்டி வந்துவிடுவோம் என்றுதான் போனேன்.

ஸ்கூல் திறப்பதற்காகக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ரூம் எல்லாம் திறந்து கிடந்தது. ஒச்சாண்டி அண்ணன் இந்த முறை மறிக்கவில்லை. என்னைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், கேட்டிலிருந்து விலகித் தண்ணித் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவள் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். நல்ல வெளிச்சம், காலைப் பத்து மணி வெயில். படித்துக்கொண்டிருந்தாள். உங்கள் எல்லோருடைய பெயரும் அவள் சட்டையில் இருந்தது. உன் பெயர் காலர் ஓரத்தில். என்னைவிடச் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள். எனக்கு இந்த ஒரு வருடத்தில் முகம் வற்றிவிட்டது, அவளுக்கு அப்படியே இருக்கிறது.

வாசலில் நின்று, "யுவராணி" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கா நீங்க? புது டீச்சரா?" என்று கேட்டாள்.

உள்ளே போனேன். "என்னைத் தெரியலையா?" என்றேன். நன்றாகப் பார்த்தாள், நினைவுபடுத்திப் பார்த்தாள், நடிக்கவில்லை. "இல்லக்கா. ஷர்மினுக்குச் சொந்தமா?" என்றாள்.

"நான் அனுமந்தன்பட்டி. நம்ம அப்பா ஈஸ்வரபாண்டி. வா, வீட்டுக்குப் போகலாம்" என்று கையை நீட்டினேன். அவள் விலகிக்கொண்டாள். பஸ்ஸில் தெரியாத ஆள் கை பட்டால் நாம் எப்படி நகர்ந்து உட்காருவோம், அப்படி. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பாவம் பார்த்துத் தன் தண்ணீர் பாட்டிலைத் தள்ளினாள். "அழாதீங்கக்கா" என்றாள். நான் அழவில்லை, ஷர்மின். அவள்தான் அப்படி நினைத்தாள். என்னைப் பார்த்து அவளுக்குத்தான் கண் நிறைந்தது.

அவள் என்னுடையவள் என்று எழுதியிருந்தாய். இல்லை. என்னிடமிருந்து போனாள், அவ்வளவுதான். ஒரு வருடம் நீ அவளை வைத்திருந்தாய். பேனா கொடுத்தாய், கையைப் பிடித்துக்கொண்டாய், எனக்கு முன்னால் அவளைத் தேர்ந்தெடுத்தாய். அவளுக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஆள் நீ.

எழுந்து வரும்போது, "அக்கா, ஷர்மினைப் பார்த்தீங்களா? எல்லாரும் லீவு போட்டிருக்காக. அவ எப்பவும் சொல்லாம லீவு போட மாட்டா" என்றாள். ஸ்கூல் முடிந்துவிட்டது, ஷர்மின் ஊரைவிட்டே போய்விட்டாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. "வருவா" என்றேன். உனக்காக நான் கடைசியாகச் சொன்னது அந்தப் பொய்தான்.

நான் படி இறங்குவதற்குள் அவள் ஜன்னலுக்குப் போய்விட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு ஸ்கூல் திறக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டியது நீ. நேரில் வர முடியாவிட்டால் எழுது. இனி எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுது. பன்னிரண்டு ஏ, மாடி என்று போட்டால் போதும். ஒச்சாண்டி அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

ஈ. யுவராணி